பீடத்தின் மேல் யாரும் இல்லை

சிலை இல்லாமலே சிலையைத் திறந்துவைத்த ஊர் எங்கள் மேலைத்துறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமைச்சரிடம் தேதி வாங்குவது சிற்பியிடம் சிலை வாங்குவதைவிடக் கடினம், கிடைத்த தேதியை நழுவவிட்டால் அடுத்த தேதி வருவதற்குள் ஆட்சியே மாறினாலும் மாறிவிடும் என்று எங்கள் கலை மன்றத் தலைவர் வேதநாயகம் சொன்னபோது செயற்குழுவில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. செயலாளரும் பள்ளிக்கூட ஓவிய வாத்தியாருமான நானும் பேசவில்லை. அழைப்பிதழ் அச்சாகியிருந்தது, பந்தல்காரர் குழி தோண்டியிருந்தார், கோலாட்டப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுத்தாயிற்று, நூலகத்துக்கு எதிரே ஆற்றுக்குச் சாலை பிரியும் இடத்தில் ஆறடி உயரத்துக்குக் கருங்கல் பீடமும் எழும்பி நின்றது. சிலை மட்டும் சிற்பியின் பட்டறையில் இன்னும் ஈரக் களிமண்ணாக இருந்தது. பீடத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, பட்டுத் திரை தொங்கவிட்டோம். திரை விலகும், கைதட்டுவார்கள், படம் எடுப்பவர்கள் அமைச்சரின் முகத்தைத்தான் எடுப்பார்கள், மேலே யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் தலைவர்.

திரை விலகியது, கைதட்டினார்கள், மேலே ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசி மாதத்துக் காலை வெயிலில் பீடத்தின் நிழல் சாலையில் நீளமாகச் சாய்ந்து கிடந்தது, அந்த நிழலின் தலைமாட்டிலிருந்து ஒரு பெண்ணின் நிழல், இடுப்பிலிருந்து மேலே, ஒரு கையில் தூக்குச்சட்டியை உயர்த்திப் பிடித்தபடி நீண்டிருந்தது.

"அது நம்ம அஞ்சலதான?" என்றாள் கோலாட்ட வரிசையில் ஒருத்தி.

"அவளேதான். தோணியில சோத்த எப்பவும் ஒசரத்தான் புடிப்பா, தண்ணி தெறிக்கும்னு," என்றாள் பக்கத்தில் நின்றவள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டதால் இரண்டு பேரும் ஆடப் போய்விட்டார்கள்.

அமைச்சர் குனிந்து நிழலைப் பார்த்தார், நிமிர்ந்து வெறும் பீடத்தைப் பார்த்தார், "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று தலைவரின் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த நினைவுச் சின்னம் ஆற்றில் போனவர்களுக்கானது. எங்கள் ஊருக்கும் ஆற்றின் நடுவே இருக்கிற திட்டுக்கும் பாலம் கிடையாது. திட்டில் மல்லிகைத் தோட்டங்கள் இருக்கின்றன, வாழை இருக்கிறது, ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, ஒரு அங்கன்வாடி இருக்கிறது. இவற்றுக்குப் போகிற எல்லாரும் கொளஞ்சியின் தோணியில்தான் போவார்கள். முந்தைய ஐப்பசியில், மேலே எங்கோ பெய்த மழை எந்த அறிவிப்புக்கும் முன்னால் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு காலையில், அஞ்சலையும் அவளோடு பூப்பறிக்கிற பெண்களும் பால்காரரும் தவில்காரர் சோமுவும் அங்கன்வாடி ஆசிரியை சுகந்தியுமாக ஏறியிருந்த தோணி நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஒவ்வொருவரையும் ஆறு ஒவ்வொரு கரையில் திருப்பித் தந்தது. தோணிக்காரர் கொளஞ்சியை மட்டும் தரவில்லை.

கலை மன்றம் என்றால் எங்கள் ஊரில் சனிக்கிழமை ஓவிய வகுப்பு, பெண்களுக்குக் கோலாட்டம், மாதம் ஒருமுறை கவிதை வாசிப்பு, கோடையில் நாடகப் பயிற்சி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு ஊரின் துக்கத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். குழந்தைகளின் ஓவியங்களை ஏலம் விட்டோம், நாடகம் போட்டோம், கடைகளில் உண்டியல் வைத்தோம், கோலப்போட்டி நடத்தினோம். கல் முழுவதையும் இரும்புக் கடை மாசிலாமணி கொடுத்தார். அவர் மன்றத்தின் பொருளாளர். சுகந்தி அவருடைய ஒரே பெண்.

அஞ்சலையின் நிழல் அன்று பொழுது சாயும்வரை இருந்தது. மறுநாள் காலையில் அது வேறு நிழலாக இருந்தது, கையில் தவில் கழியோடு, சோமு. அதற்கு மறுநாள் பால்காரர். இப்படி ஆற்றில் போன எல்லாரும் ஆளுக்கொரு நாளாக வரத் தொடங்கினார்கள். ஊர் அதற்கேற்ப நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நிழல் விழுகிற இடத்தில் பேருந்து நிற்கக் கூடாது என்று நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், வேப்பமரத்தில் குறுக்கே வந்த ஒரு கிளையை வெட்டினார்கள், இளநீர்க்காரர் தன் குடையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், சைக்கிளில் வருகிறவர்கள் நிழலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூடாக்கு போட்ட நாட்களில் மட்டும் சண்டை வரும். "எங்க மொறையப் பாத்துத்தான் மேகம் வருமா?" என்று முறை தவறிய குடும்பம் மன்றத்தில் வந்து முறையிடும், மேகத்துக்குப் பொறுப்பேற்று நான் மன்னிப்புக் கேட்பேன். எங்கள் வார்டு கவுன்சிலர் தன் நிதியிலிருந்து பீடத்துக்கு மேல் அழகான கூரை போட்டுத் தருகிறேன் என்று வந்து நின்றார். அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, கூரை என்றால் என்ன, வெயில் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கி அனுப்பினோம். சிற்பி கோபமாக வந்தார், ஒரு காலைப்பொழுது முழுக்க நிழலைப் பார்த்தபடி நின்றார், "இதுக்கு மேல நான் என்னத்தச் செய்யறது" என்று திரும்பிப் போய், அந்தக் களிமண்ணைப் பிள்ளையாராகப் பிடித்து விற்றுவிட்டார்.

மன்றத்தின் நிகழ்ச்சிகளும் நிழலைச் சுற்றி வந்து சேர்ந்தன. சோமுவின் நாளில் அவரிடம் கற்ற பிள்ளைகள் தவில் வாசித்தார்கள். பூப்பறித்த பெண்களின் நாட்களில் கோலாட்டம். சனிக்கிழமைகளில் என் ஓவிய வகுப்புப் பிள்ளைகள் வண்ணச் சுண்ணக்கட்டியோடு வந்து அன்றைய நிழலைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள்.

ஒருநாள் வெளியூர்க் கண்டக்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி, பாதி ஆளுதான தெரியுது. காலெங்க?"

"செத்தவங்களுக்கு ஏதுங்க காலு?" என்றார் டீக்கடைக்காரர்.

அதுவும் சரிதான் என்று கண்டக்டர் விசில் ஊதிப் புறப்பட்டார். எங்களுக்கும் அது சரியாகத்தான் இருந்தது. இறந்தவர்களுக்குக் கால் கிடையாது என்பது பால் குடிக்கிற வயதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த விஷயம், கால் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்போம். ஒரு உடம்பை வரைந்தால் அது காகிதத்தில் நிற்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானும் அந்த டீயைக் குடித்து முடித்தேன்.

சுகந்தியின் நாளில் மாசிலாமணி கடையை அடைத்துவிடுவார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து நிழலுக்கு அருகே போட்டு, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து, சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். மெல்லிய நிழல், ஒற்றைப் பின்னல், இரண்டு கைகளும் முன்னால் இறங்கி, பீடத்தின் நிழலுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கும். "கைப்பை," என்பார் கேட்பவர்களிடம். "எங்க போனாலும் அதை விட மாட்டா."

கொளஞ்சியின் மனைவி பவுனம்மாள் பேருந்து நிறுத்தத்தில் அவித்த கடலை விற்பவள். அவள் ஒவ்வொரு காலையும் கூடையை இறக்கி வைப்பதற்கு முன்னால் வந்து நிழலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு யாருடையது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆற்றில் போனவர்களின் பெயர் வெட்டி அங்கே வைக்கப்போகிற கல்லில் கொளஞ்சியின் பெயரும் இருக்க வேண்டும்.

"கொன்னவன் பேரு செத்தவங்க பேரோடயா?" என்றார் மாசிலாமணி. "அளவுக்கு மேல ஆள ஏத்தினவன் அவன். நீச்சல் தெரிஞ்சவன், கரையேறி ஓடிட்டான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில பாத்ததா சொல்றாங்க."

பார்த்தது யார் என்று கேட்டால், பார்த்தவரைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஊர் இரண்டாகப் பேசியது. அப்போது நான்தான் செயற்குழுவில் எழுந்து, கொளஞ்சியின் நிழல் வந்தால் பெயர் ஏறும், வராவிட்டால் இல்லை என்று சொன்னேன். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது, வீட்டுக்கு நடந்து போகும்வரை. ஒரு பெண் தினமும் காலையில் கண் விழித்து, தன் புருஷன் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கடலை அவிக்கும்படி செய்துவிட்டேன் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. செத்திருந்தால் அவன் நல்லவன், உயிரோடு இருந்தால் ஓடுகாலி. இப்படி ஒரு தராசை எந்த அதிகாரத்தில் தூக்கினேன், நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எப்போதும் பலமுள்ள பக்கத்தில்தான் நிற்கிறேனா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

எல்லாரும் வந்து முடிந்தார்கள். ஒரு காலையில் மறுபடியும் அஞ்சலை தூக்குச்சட்டியோடு வந்தாள். சுற்று முடிந்துவிட்டது, கொளஞ்சி வரவில்லை என்பது அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"என்ன பவுனு, திருப்பூர்லேருந்து தீபாவளிக்குச் சேல வருமா?" என்றான் மீன் வண்டிக்காரன்.

"வந்தா ஒனக்கும் ஒரு பனியன் எடுத்தாரச் சொல்றன். கிழிஞ்சதப் போட்டுக்கிட்டுத்தான சுத்துற," என்றாள் அவள், கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

ஆனால் அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் என் எதிரில் வந்து நின்றபோது அவள் முகத்தில் அந்தத் துடுக்கு இல்லை.

"வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணும். அந்த மேடையில எத்தினி பேரு நிக்க எடமிருக்கு?"

"ஒருத்தர்தான்."

"அப்ப அவரு எப்புடி நிப்பாரு? வேற ஒருத்தர் ஏற இருந்தா அவரு எறங்கிடுவாரு. ஒரு நாளும் அவரு மொதல்ல ஏறி நான் பாத்ததில்ல. துறையில சேறு. தோணி கரைக்கு வராது. பொம்பளைங்க, வயசானவங்க எல்லாரையும் கழுத்துல தூக்கி வச்சி, எடுப்பளவு சேத்துல நடந்து கொண்டுபோயி ஏத்துவாரு. கடசீல, தள்ளிவுட்டுட்டு, ஓரமா தொத்திக்குவாரு. அப்புடிப்பட்ட மனுசன் செத்த பொறவா மேல ஏறி நிப்பாரு?" மூச்சு வாங்கினாள். "நீங்கல்லாம் மேலயே தேடுறீங்க. கீழ பாருங்களன்."

"கீழ பீடம்தானே இருக்கு, பவுனம்மா."

"அதத்தான் சொல்றன்."

மறுநாள் காலை நான் சுண்ணக்கட்டியோடு நிழலருகே போய் நின்றேன். கல்லின் மேல் நிற்கிற ஒருவருக்குப் பாதம் கல்லின் விளிம்பில் இருக்க வேண்டும். இவர்களுக்கு விளிம்பில் இருந்தது இடுப்பு. அப்படியானால் கால்கள் கல்லுக்குள், அதன் நிழலுக்குள் இருந்தன. தரையில் நிற்கிற யாருக்கும் இடுப்பு ஆறடி உயரத்தில் இராது. அந்த உயரத்தில் ஒருவர் உட்கார்ந்துதான் இருக்க வேண்டுமென்றால், அவர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்?

அந்த வாரமே செயற்குழுவைக் கூட்டி, பீடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"பிரிச்சா நிழலும் போயிடுச்சுன்னா?" என்றார் வேதநாயகம். அவர் குரலில் முதல்முறையாகத் தலைவர் இல்லை, ஒரு பயந்த மனிதர் இருந்தார்.

விஷயம் தெரிந்து வந்திருந்த குடும்பங்கள் சன்னலுக்கு வெளியே நின்றன. "எங்கம்மாள ரெண்டாந்தரம் ஆத்துல வுடச் சொல்றீங்களா சார்?" என்று அஞ்சலையின் மகள் கேட்டாள். கல் போனால் நிழல் இருக்கும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? கல்லால்தான் நிழல் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. மாசிலாமணி எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கையைத் தூக்கச் சொன்னபோது என் கை மட்டும்தான் மேலே இருந்தது, அதையும் நான் முழுதாக நீட்டவில்லை.

சுகந்தியின் நாள் வந்தது. அது சனிக்கிழமையாகவும் இருந்ததால் பிள்ளைகளோடு நானும் அங்கே இருந்தேன். மாசிலாமணி நாற்காலியில். கொஞ்ச நேரத்தில் பவுனம்மாள் வந்து, நிழலுக்கு மறுபக்கம் கூடையை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்த? இன்னிக்கி என் பொண்ணு நாளு," என்றார் அவர்.

"தெரியுமுங்க. பாப்பாவப் பாக்கத்தான் வந்தன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நிழலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"பாப்பாவுக்குச் சேறுன்னா ஆவாது. துறைக்கி வந்ததும் செருப்பக் கழட்டிப் பையில போட்டு, பைய அவர்கிட்ட குடுத்துடும். அவரு பைய மாட்டிக்கிட்டு அதத் தூக்கி கழுத்துல வச்சிக்குவாரு. 'டீச்சரம்மா, மயிரக் கெட்டியாப் புடிச்சிக்கங்க, உளுந்தா மொதலாளி என்னைய இரும்புக் கடையில எடைக்கிப் போட்டுடுவாரு'ம்பாரு. அது சிரிச்சிக்கிட்டே ரெண்டு கையாலயும் புடிக்கும். சாயங்காலம் வந்து, தலையெல்லாம் வலிக்குதுடி, டீச்சர் புடி உடும்புப் புடின்னு எண்ண தேச்சுவுடச் சொல்லுவாரு."

மாசிலாமணி திரும்பி நிழலைப் பார்த்தார். பீடத்தின் நிழலுக்குள் இறங்கிய அந்த இரண்டு கைகளை, எதையோ இறுக்கிப் பிடித்திருந்த அந்தப் பிடியை, இத்தனை மாதமும் அவர் கைப்பை என்று சொல்லிவந்ததை, வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து விறுவிறுவென்று போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். தூரத்தில் இரும்புக் கடையின் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் தோளில் கடப்பாரையும், பின்னால் சங்கிலியோடு நான்கு சுமைக்காரர்களும் இருந்தார்கள்.

"வாத்தியாரே, பிள்ளைங்களத் தள்ளி நிறுத்து."

வேதநாயகம் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "மாசிலாமணி! தீர்மானம் இல்லாம இப்படி—"

"பொறவு போட்டுக்கங்க."

"நிழல் போயிடும்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"போனா மொதல்ல என் பொண்ணோடது போவட்டும்," என்றார் மாசிலாமணி. "அதுக்குத்தான் இன்னிக்கிப் பிரிக்கிறன்."

அவரே ஏறி முதல் கல்லின் இடுக்கில் கடப்பாரையை இறக்கினார். மேல் வரிசை நகர்ந்து சங்கிலியில் இறங்கியது, புழுதி எழுந்தது, புழுதி அடங்கும்வரை தரையில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வெயில் தெளிந்தது. சுகந்தியின் நிழல் அங்கேயே இருந்தது, அவள் விரல்களுக்கு நடுவே ஒரு ஆணின் அடர்ந்த தலைமுடி இருந்தது. இரண்டாவது வரிசை இறங்கியபோது கழுத்தும், கழுத்தின் இரண்டு பக்கமும் அவளுடைய முழங்கால்களும் வந்தன. மூன்றாவது வரிசையில் அவன் மார்பின்மேல் தொங்கிக்கொண்டு, சேறு படாமல், இரண்டு சின்னப் பாதங்கள் வந்தன.

"காலு இருக்கு," என்றார் மாசிலாமணி. கடப்பாரையைப் பிடித்தபடி பாதிக் கல்லின்மேல் நின்றுகொண்டு, மூக்கைத் துடைக்காமல், எங்கள் எல்லாரிடமும் சொன்னார். "என் பொண்ணுக்குக் காலு இருக்குய்யா."

நான்காவது வரிசையில் அவள் கணுக்கால்களைப் பிடித்திருந்த கைகள் தெரிந்தன. இடது கையில் சுட்டுவிரல் பாதிதான், கொளஞ்சியிடமிருந்து தோணிக்கயிறு எடுத்துக்கொண்டது போக மீதி. ஒருபக்கத் தோளில் கைப்பை தொங்கியது. கடைசிக் கல்லும் நகர்ந்தபோது, இழுக்கிற தண்ணீருக்கு எதிராக ஊன்றியதுபோல் அகலமாக வைத்த இரண்டு பாதங்கள் தரையில் இருந்தன. பீடத்தின் மேல் யாரும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆற்றில் போன எல்லாரையும், ஆளுக்கொரு நாளாக, அவன்தான் கழுத்தில் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன்மேல் நாங்கள் கல்லைக் கட்டியிருந்தோம்.

பவுனம்மாள் எழுந்து வந்து அந்தப் பாதங்களின் அருகே குந்தினாள். தார்ச்சாலையில், அவன் கால் இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள்.

"இத்தினி நாளா இங்கியா நின்னுக்கிட்டிருந்த?" என்றாள் அதட்டலாக. "கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லப்படாது?"

அவள் அழுதது அதற்குப் பிறகு. அவளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனிமேல் திருப்பூரில் யாரும் இல்லை. இரண்டையும் ஒரே காலையில் அவள் கையில் கொடுத்தோம். வேறு விதமாகக் கொடுத்திருக்க முடியுமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். மறுநாள் அவள் வழக்கம்போல் நெற்றியில் பொட்டோடு கடலை விற்க வந்தாள். ஒருத்தி ஜாடையாகப் பார்த்தபோது, "ஆளு நின்னுக்கிட்டு இருக்கறப்ப எதுக்குடி அழிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பொட்டலம் மடிக்கத் தொடங்கினாள்.

பெயர் வெட்டுகிறவர் வந்தபோது, "மொத பேரு கொளஞ்சி," என்றார் மாசிலாமணி.

"வேணாமுங்க," என்றாள் பவுனம்மாள். "கடசீல போடுங்க. எல்லாரும் ஏறின பொறவுதான் அவரு ஏறுவாரு."

அப்படியே வெட்டப்பட்டது. பீடத்தின் கருங்கற்களைத் துறைக்குக் கொண்டுபோய், சிலைக்காகத் திரட்டிய நிதியில், சேற்றின்மேல் தோணி நிற்கும் இடம்வரை படிகளாகப் பதித்தோம். இப்போது அங்கே யாரையும் யாரும் தூக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் நூலகத்துக்கு எதிரே நின்று சிலை எங்கே என்று கேட்பார்கள், வெயில் வரட்டும் என்போம். ஓவிய வகுப்பில் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது மனிதர்களை வரையும்போது தலையிலிருந்து தொடங்குவதில்லை, முதலில் பாதங்களை வரைகிறார்கள், அவை நன்றாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே போகிறார்கள்.